கோனர்ல முன்டயர் வழுக்குது (நம்ம வீட்டு குரூப், சுங்கை சிப்புட், மலேசியா)

குட்டி: சின்ன மாமா, செம்பனைக் காட்டு செம்மண் சடக்குல எறங்கி இடது பக்கம் திரும்புற கோனர் இருக்குல, அங்க மட்டும் சைக்கிள் முன்டயர் வழுக்கிட்டுப் போவுது. டயர் மாத்தணுமா?

சின்ன மாமா: மொதல்ல வீடியோ அனுப்புடா

பெரியக்கா: 📹 பாருங்க மாமா, வேகமாகூட போகல இவன்

சின்ன மாமா: பார்த்தேன். டயர் நல்லாத்தான் இருக்கு. கோனர் வந்தோன இடுப்பு சீட்டுக்குப் பின்னால போவுது பாரு, கை ரெண்டும் நீட்டிக்கிது, பாரம் பூரா பின்சக்கரத்துக்குப் போயிடுது, முன்சக்கரத்துமேல வெயிட்டே இல்லன்னா பொடிக்கல்லுல அது எப்படி மண்ணக் கடிக்கும்? செங்குத்தா எறங்குற எடத்துல பின்னால போறது சரி. திரும்பறப்ப தாடை ஹேண்டலுக்கு மேல வரணும், நெஞ்சு தாழணும், முழங்கை வெளிய விரியணும்.

குட்டி: அப்ப மோட்டார் ரேஸ்ல மாதிரி ஒடம்ப உள்ள சாய்க்கணுமா

சின்ன மாமா: வேணாம் வேணாம், அது தார் ரோட்டு வேல. அவங்க ஒடம்ப உள்ள தொங்கவிட்டு மோட்டார கொறைவா சாய்ப்பாங்க. உதிரி மண்ணுல நீ சைக்கிள சாய்க்கணும், ஒடம்பு முடிஞ்ச மட்டும் டயருக்கு மேல நிமிர்ந்து நிக்கணும். இடது கோனர்னா இடது கையால ஹேண்டல கீழ அமுக்கு, சைக்கிள் தானா சாயும், டயர் ஓரத்துல இருக்குற பெரிய முடிச்சுங்க அப்பத்தான் மண்ணுல எறங்கும். வலது பெடல் கீழ, ஒடம்பு பாரம் பூரா அந்தக் கால்ல. இடது பெடல் கீழ இருந்தா சாயறப்ப தரையில முட்டித் தூக்கிப் போட்டுரும்.

பெரியக்கா: பிரேக்கு? வீடியோல கோனருக்குள்ளயே புடிக்கிறான்

சின்ன மாமா: சரியா பார்த்தம்மா. டயருக்கு இருக்குற பிடிப்பு ஒரே அளவுதான், அதுல கொஞ்சத்த பிரேக்கு எடுத்துக்கிட்டா திரும்பறதுக்கு மிச்சம் கம்மி. முன்பிரேக்க உள்ள போயி அமுக்குனா நேரா ஓரத்து லோங்காங்குக்குத்தான் (சாக்கடைக்குத்தான்) வழி. வேகத்த முன்னாடியே கொறைச்சிட்டு, உள்ள போறப்ப விட்டுரு.

குட்டி: அந்த லோங்காங்கதான் பார்த்துக்கிட்டே போறேன் மாமா, பயமா இருக்கு

சின்ன மாமா: கண்ணு எங்கயோ சைக்கிளும் அங்கதான். கோனர் முடியிற எடத்தப் பாரு, தல மட்டும் இல்ல, தொப்புளும் அந்தப் பக்கம் திரும்பணும். சீட்ட கீழ எறக்கு, சீட்டுத் தண்டுல இருக்குற கிளிப்ப தொறந்தா எறங்கிடும், அது வயித்துல இடிச்சா சைக்கிள சாய்க்க எடமே இருக்காது.

குட்டி: கூட்டாளி பெடல்ல மாட்டிக்கிற கிளிப் ஷூ வாங்கச் சொல்றான்

சின்ன மாமா: இப்போதைக்கு வேணாம்டா. ஆஸ்திரேலியா சேம் ஹில் தட்டை பெடல்லதான் 2006, 2007, 2010 மூனு வருசமும் டவுன்ஹில், அதான் மலையில எறங்குற சைக்கிள் ரேஸ், உலக சாம்பியன் ஆனாரு. அவரு கோனர்ல போறத போட்டுப் பாரு, உள்பக்கக் கால நீட்டி விட்டுக்கிட்டு, சைக்கிள் மட்டும் படுத்துக்கிட்டுப் போவும், அவ்ளோ அழகு!

பாட்டி: ஹெல்மெட்டு போட்டுக்கய்யா. குலை ஏத்துற லோரி வர்ற நேரத்துல அந்தப் பக்கம் போவாத

சின்ன மாமா: பாட்டி சொல்றத கேளு. கோனர்ல எதிர்ப்பக்கம் ஏறவே கூடாது, லோரி வந்தா தெரியாது. செம்பனை மட்டை குமிச்சிருக்குற ஓரத்துலயும் ஏத்தாத, அந்த முள்ளு டயர துளைச்சிரும். காத்து கல்லாட்டம் அடைக்காத, டியூப் டயருக்கு 28 பிஎஸ்ஐ வச்சுப் பாரு, ரிம் இடிச்சா கொஞ்சம் ஏத்து. சாயங்காலம் திடல்ல ரெண்டு பாட்டில வச்சு எட்டு போடு, மெதுவா.

குட்டி: மாமா, திடல்லதான் இருக்கேன். வலது பக்கம் சூப்பரா வருது, இடது பக்கம் வரமாட்டுது

சின்ன மாமா: நிறைய பேருக்கு ஒரு பக்கம் மக்கர் பண்ணும்டா. இடது பக்கம் ரெண்டு மடங்கு சுத்து. பக்கத்துல இருக்குற பாட்டில பார்க்காத, அடுத்தத பாரு, வலது கால அமுக்கு. வந்தோன வீடியோ போடு.