குதிரை ராட்டினத்து ஆர்கன் சுதி சேரவில்லை, யாரைக் கூப்பிடுவது?

மலர்_பென்சில்வேனியா:
எங்கள் ஊர்ப் பூங்காவில் (பெயர் வேண்டாமே) பழைய குதிரை ராட்டினம் இருக்கிறது. நடுவில் துளை போட்ட காகிதச் சுருளில் தானாக ஓடும் வுர்லிட்சர் கம்பெனி ஆர்கன், காற்று ஊதிக் குழாய்கள் பாடும். போன வருடம் வரை நன்றாகத்தான் பாடியது. இந்த மே மாதம் திறந்த அன்று காலையில் போனால், மேல் ஸ்தாயியில் இரண்டு ஸ்வரம் வரவே இல்லை, இன்னொரு ஸ்வரம் நிற்காமல் கத்துகிறது, மொத்தமும் சுதி கீழே. "ஸ்பீக்கர் வைக்கப் போகிறார்களாம்" என்கிறான் ராட்டினம் ஓட்டும் பையன். நான் அங்கே வார இறுதித் தன்னார்வலர். ட்யூனரை (சுதி சேர்ப்பவரை) அழைக்கச் சொல்லட்டுமா?

கணேஷ்77:
மிடி (சுருளுக்குப் பதில் கணினிக் கோப்பு ஆர்கனை வாசிக்கும் முறை) போடச் சொல்லுங்கள். சுருளை யார் கட்டி அழுவது?

பழைய_பெட்டிக்காரன்:
மலர், ட்யூனர் இப்போது வேண்டாம். என் அப்பா நாடகத்துக்கு ஹார்மோனியம் வாசித்தவர். பெட்டி சரியாகப் பேசாவிட்டால் ரீடைத் தொட மாட்டார். துருத்தி மடிப்பில் கன்னத்தை வைத்து, எங்கே காற்று கசிகிறது என்று பார்ப்பார். இங்கே பத்து வருடமாக இந்த ஆர்கன்களோடு மல்லுக்கட்டுகிறேன், நானும் அதையேதான் செய்கிறேன்.

முதலில் குளிர். வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஊதல் குழாய்களின் சுதி அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். நாக்கு வைத்த குழாய்கள் அவ்வளவாக இறங்காது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது அழுகைதான். அந்த நேரத்தில் ஒருவர் வந்து குழாயை வெட்டித் திருத்தினால் ஜூலையில் எல்லாம் சுதி எகிறும். வெட்டியதை ஒட்ட முடியாது.

ஊமை ஸ்வரத்துக்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம். சுருள் உரசி ஓடும் பித்தளைப் பட்டையின் துளைகளில் காகிதத் துகள் அடைத்துக்கொள்ளும். அதை உறிஞ்ச ஒரு சின்னக் கைபம்பு உண்டு. விடாமல் கத்துவது என்றால் வால்வு மூடவில்லை, அடியில் சிராய் ஏதாவது இருக்கும். இவை இல்லையென்றால் கட்டைவிரல் நகம் அளவுள்ள தோல் வில்லைகள் கிழிந்திருக்கும். அது நிபுணர் வேலை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சிலிகான், வெள்ளைப் பசை எதையும் உள்ளே விடாதீர்கள். பழைய ஆட்கள் வஜ்ஜிரத்தில்தான், அதாவது விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சிய பசையில்தான் ஒட்டினார்கள். சூடும் ஈரமும் பட்டால் தோல் சேதமில்லாமல் கழன்று வரும். ஒரு பூங்காவில் எவரோ ஆசையாகப் பூசிய சிலிகானைச் சுரண்ட எனக்கு நான்கு சனிக்கிழமை போனது.

கணேஷ் சொல்லும் மிடியை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன், எதையும் வெட்டாமல் பக்கத்தில் பொருத்தினால் சரி. ஆனால் மேரிலாந்தின் கிளென் எக்கோ பூங்காவில் 1921ஆம் ஆண்டு ராட்டினத்தோடு 1926ஆம் ஆண்டு வுர்லிட்சர் 165 மாடல் ஆர்கன் இன்னும் பாடுகிறது. போய்க் கேளுங்கள், பெரிய டிரம் அடிக்கும்போது நெஞ்சில் இடிக்கும். ஸ்பீக்கரில் அது வராது.

சாந்தி_சான்ஹோசே:
எங்கள் கலிபோர்னியா பக்கம் சாந்தா குரூஸ் கடற்கரையிலும் ஒரு ராட்டின ஆர்கன் இருக்கிறதே, 1894இல் ரூத் கம்பெனி செய்தது, 342 குழாய். உப்புக் காற்றில் எப்படித்தான் காப்பாற்றுகிறார்களோ!

மலர்_பென்சில்வேனியா:
அண்ணா, நிர்வாகத்தில் அனுமதி வாங்கிப் பார்த்தேன். மதியம் வெயில் ஏறியதும் பாதி சுதி தானாக வந்துவிட்டது. கைபம்பு போட்டதில் ஒரு ஸ்வரம் பேசுகிறது. கத்தியதும் நின்றது, மரச்சிராய்தான். மிச்சம் ஒன்று. டார்ச் அடித்தால் குழாய்க்குள் மண், குளவிக் கூடு! கழற்றலாமா?

பழைய_பெட்டிக்காரன்:
கழற்றலாம். முதலில் ஒரு போட்டோ எடுங்கள், இரண்டு குழாய் இடம் மாறினால் தொலைந்தது. காய்ந்த மண்ணை மூங்கில் குச்சியால் மெதுவாக உதிர்த்துக் கொட்டுங்கள், தண்ணீர் படக்கூடாது. குழாயின் உதட்டை (காற்று பட்டு ஒலி பிறக்கும் பிளவின் விளிம்பை) மட்டும் தொட்டுவிடாதீர்கள்.