ஹிஸ்டரோஸ்கோபி: ‘ஊடுகாணல்’ பொருந்துமா?

வணக்கம் ஐயா,

கருப்பைக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபிக்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன ‘கருப்பை ஊடுகாணல்’ காதுக்கு இனிமைதான். ஆனால் ‘ஊடு’ என்றதும் எனக்கு எக்ஸ்ரேதான் நினைவுக்கு வருகிறது. ஊடுகதிர் என்று எழுதிப் பழகிவிட்டோமே. கருப்பைக்குள் சாயம் செலுத்தி, எக்ஸ்ரேயில் கருக்குழாய் அடைப்பைத் தேடுவது எச்.எஸ்.ஜி. அங்கே தெரிவது நிழல். ஹிஸ்டரோஸ்கோபியில் மருத்துவர் உட்சுவரையே நேராகப் பார்க்கிறார். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய், அதில் விளக்கும் லென்சும். பிறப்புறுப்பு வழியாக நுழைந்து கருப்பை வாயைத் தாண்டிப் போகிறது. வயிற்றில் கத்தி படுவதில்லை. ஒட்டிக்கிடக்கும் சுவர்களை உப்புநீர் விட்டு விரித்தால்தான் சதை வளர்ச்சியோ நார்க்கட்டியோ நடுத்தடுப்போ கண்ணுக்குத் தெரியும்.

‘சோதனை’ என்ற சொல்லையும் சேர்க்கலாம் என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 1869இல் பாண்டலியோனி என்ற மருத்துவர் இரத்தப்போக்கு நிற்காத 60 வயதுப் பெண்ணின் கருப்பைக்குள் குழாய்விட்டுப் பார்த்தார். உள்ளே சதை வளர்ச்சி. பார்த்ததோடு விடாமல் வெள்ளி நைட்ரேட் வைத்து அதைச் சுட்டார். இன்றும் பார்க்கப் போன இடத்திலேயே சதையை எடுத்துவிடுவது உண்டு. அதைச் சோதனை என்று மட்டும் எப்படிச் சொல்வது?

‘உள்நோக்கம்’ வேண்டவே வேண்டாம். கருப்பைக்கு ஏதோ கெட்ட எண்ணம் இருப்பதுபோல் ஆகிவிடும்!

தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் கருவிக்குக் ‘கருப்பை அகநோக்கி’, செயலுக்குக் ‘கருப்பை அகநோக்கல்’ என்று வைக்கலாமா? உடலுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பை அகநோக்கி என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். கருவி ‘-கி’, செயல் ‘-கல்’, குழப்பம் வராது.

*

அம்மா, வணக்கம்.

சரி, ‘ஊடு’வை விட்டுவிடுகிறேன். எச்.எஸ்.ஜி. எனக்குத் தோன்றவில்லை. ‘அகநோக்கு’ என்றால் தன்னைத்தானே ஆராய்வது என்று உளவியலில் எழுதுகிறார்களே என்று முதலில் தயங்கினேன். முன்னால் ‘கருப்பை’ நிற்பதால் யாரும் தடுமாற மாட்டார்கள். நூலுக்கும் அகராதிக்கும் அகநோக்கலே இருக்கட்டும்.

மருத்துவமனையில் நோயாளியிடம் வாங்கும் ஒப்புதல் படிவம் வேறு கதை. அங்கே கையெழுத்துப் போடுகிறவர் ‘லேப்ரோவும் ஹிஸ்டிரோவும் பண்ணணுமாம்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர் (லேப்ரோ என்பது வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்க்கும் லேப்ரோஸ்கோபி). ‘கருப்பை’கூட அவர் வாயில் வராது, ‘கர்ப்பப்பை’தான். ஆகவே படிவத்தில் ‘ஹிஸ்டரோஸ்கோபி: கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய்விட்டுப் பார்ப்பது, வயிற்றில் வெட்டு இல்லை’ என்று முதலில் போட்டு, கலைச்சொல்லை அடைப்புக்குள் தள்ளிவிடுவோமா?