மொட்டை போட்ட பிறகு காதுக்குப் பின்னால் சிவப்பு வட்டம்

தென்காசி அம்மா:
மகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் (காது கேட்க ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கும் கருவி) வைத்தோம். தையல் நன்றாக ஆறியது. தொந்தரவு வந்தது குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்ட பிறகுதான்.

தோலுக்கு உள்ளே ஒரு காந்தம், வெளியே தலையில் ஒட்டும் காயிலில் (ஒலியை உள்ளே அனுப்பும் வட்டமான பகுதி) ஒரு காந்தம். முடி அடர்த்தியாக இருந்தபோது, ஓடினாலே காயில் விழுகிறது என்று சென்டரில் ஒரு படி பலமான காந்தம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மொட்டை போட்டதும் நடுவில் மெத்தை மாதிரி இருந்த முடி போய்விட்டது, இழுப்பு முழுவதும் தோல் மேல். காயிலை எடுத்தால் ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. முதலில் கொஞ்ச நேரத்தில் மறைந்தது. அப்புறம் காலையில் எழுந்தாலும் அப்படியே இருந்தது, தொட்டால் கையைத் தட்டிவிட்டாள்.

தெரபி மேடம் பார்த்தவுடன் காயிலைக் கழற்றச் சொன்னார். ரத்த ஓட்டம் குறைந்தால் தோல் மெலிந்து புண்ணாகுமாம். புண் உடைந்தால் உள்ளே இருக்கும் கருவியே வெளியே தெரிய ஆரம்பிக்கும், மறுபடி ஆபரேஷன். தோல் பழைய நிறத்துக்கு வரும்வரை கருவி கிடையாது. பேச்சு வந்துகொண்டிருந்த பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு பலம் குறைந்த காந்தம், விழாமல் இருக்க துணி பேண்ட். மொட்டை போடுகிறவர்கள் முன்னாடியே ஆடியாலஜிஸ்டிடம் (காது கேட்பதைச் சோதித்துக் கருவியைச் சரிசெய்பவர்) சொல்லிவிடுங்கள்.

ஈரோடு அண்ணன்:
என்னுடையது வேறு வகை சகோதரி. காதில் எப்போதும் சீழ் வடியும், ஹியரிங் எய்டு போட்டால் காது அடைத்து இன்னும் வடியும். அதனால் காதுக்குப் பின்னால் எலும்பில் டைட்டானியம் திருகு வைத்து, எலும்பு வழியாகவே ஒலியை உள்ளே அனுப்பும் பாஹா கருவி. 1977-ல் ஸ்வீடனில் தொடங்கிய முறை. திருகின் முனை தோலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால் அதைச் சுற்றிய தோல்தான் எப்போதும் தொந்தரவு. அந்தத் தோல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க ஹோல்கர்ஸ் என்று 0 முதல் 4 வரை ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எனக்கு 3 வரை போனது: சிவந்த சதை முளைத்து, தலையணையில் ஈரம். மருந்து வைத்துச் சதையைச் சுட்டு, ஆயின்மென்ட் கொடுத்தார்கள். 4 என்றால் கழற்றவே வேண்டியிருக்கும். இப்போது தினமும் மென்மையான பிரஷ், மாதக்கணக்கில் தொந்தரவு இல்லை. வெயில் காலத்தில் ஹெல்மெட்டும் வியர்வையும் சேர்ந்தால் மட்டும் லேசாகச் சிவக்கும்.

புது உறுப்பினர்:
மகனுக்கும் சிவப்பாக இருக்கிறது அக்கா. மாமியார் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவச் சொல்கிறார். தடவலாமா?

தென்காசி அம்மா:
வேண்டாம்மா. மஞ்சள் பூசினால் சிவப்பு எவ்வளவு என்று டாக்டருக்கே தெரியாது. காயிலை எடுத்து வைத்துவிட்டு சென்டருக்கு போன் பண்ணுங்கள். வீக்கம், சூடு, நீர்க்கசிவு, காய்ச்சல் எது இருந்தாலும் இன்றைக்கே ஆபரேஷன் பண்ணிய இடத்துக்குப் போங்கள்; தெருமுனை மெடிக்கலில் ஆயின்மென்ட் வாங்கிச் சமாளிக்க வேண்டாம். போகும்போது காயிலையும் எடுத்துப் போங்கள். எங்களுடையதில் காந்தத்தின் மேலேயே அதன் பலத்துக்கான எண் இருந்தது, அதைத்தான் முதலில் கேட்டார்கள்.