இரண்டு கைலி, எட்டு கஜம்

குழு: கோடவுன் தெரு குடும்பம்
வெள்ளிக்கிழமை

குமரன் (காலை 9:12): தாத்தாவின் நூறாவது பிறந்தநாள் சாப்பாடு ஞாயிறு மதியம் 12 மணி, எழும்பூர் கிளப். சமையல்காரர் இன்று மாலைக்குள் எண்ணிக்கை கேட்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று சொல்லுங்கள்.

மல்லிகா சித்தி: நாங்கள் 4

தீபா: 3. குழந்தைக்குக் காரம் இல்லாமல் ஏதாவது வேண்டும்.

பாலு மாமா: (காலை வணக்கம், தாமரைப் படம்)

வசந்தா அத்தை: நாங்கள் 3. அது இருக்கட்டும். சாந்தி அண்ணி, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். நேற்று பெரம்பூர் ஸ்டேஷனில் நம் அரவிந்தைப் பாவாடையோடு பார்த்ததாக எதிர்வீட்டு அம்மா சொல்கிறார். அவனாக இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

குமரன்: அம்மா, இதைக் குழுவிலா கேட்பது?

சாந்தி: அவன்தான்.

அரவிந்த்: நான்தான் அத்தை. அது பாவாடை இல்லை, கில்ட். ஸ்காட்லாந்தில் ஆண்கள் கட்டுவது. அங்கே கம்பளி, என்னுடையது பருத்தி. நம் தெருமுனை டெய்லர்தான் தைத்தார். இரண்டு மாதமாக ஆபீசுக்கும் அதில்தான் போகிறேன்.
(புகைப்படம்)

வசந்தா அத்தை: முட்டி தெரிகிறதே

தீபா: அழகாக இருக்கிறது அரவிந்த். கட்டம் எங்கே பிடித்தாய்?

அரவிந்த்: கோடவுன் தெருவில் வாங்கிய கைலி அக்கா. இரண்டு கைலி.

கணேசன் பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமையும் இதில்தான் வரப் போகிறாயா?

அரவிந்த்: ஆமாம் பெரியப்பா.

கணேசன் பெரியப்பா: உள்ளே விட மாட்டார்கள். வாசலில் போர்டே இருக்கிறது. காலர் சட்டை, பேண்ட், ஷூ. இல்லையென்றால் வேட்டி. ஹால் என் பெயரில் எடுத்தது. அத்தனை பேர் முன்னால் எனக்குத் தலைகுனிவு வேண்டாம்.

வசந்தா அத்தை: முருகேசன் அண்ணன் இருந்திருந்தால் இப்படி நடக்குமா

சாந்தி: இருந்திருந்தால் மகனோடு துணி எடுக்க அவரும் கூடப் போயிருப்பார்.

சேது சித்தப்பா (10:05): இப்போதுதான் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். கில்ட் பாவாடை மாதிரி சுற்றிலும் மூட்டியது இல்லை. வேட்டி மாதிரி இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. முன்னால் இரண்டு பக்கமும் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று விழும், பின்னால் முழுக்கக் கொசுவம், பக்கவாட்டில் தோல் வாரும் பக்கிளும். முறையாகத் தைத்தால் 8 கஜம் துணி பிடிக்கும். நம் அம்மாவின் புடவை 6 கஜம், பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனை கொசுவம் வைத்தாலும் பின்னால் பார்க்கும்போது கட்டம் அறுபடாமல் ஓட வேண்டும். அங்கேதான் தையல்காரரின் கை தெரியும். பாக்கெட் கிடையாது என்பதால் முன்னால் ஒரு தோல் பை தொங்கும். ஸ்போரன் என்பார்கள். அம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பைக்கு அண்ணன் முறை.

குமரன்: சின்ன மாமா, உங்கள் வீட்டில் 4 உறுதிதானே

சேது சித்தப்பா: உறுதி. இரண்டே கைலியில் 8 கஜம் எப்படி வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அரவிந்த்?

அரவிந்த்: டெய்லர் கணக்கு சித்தப்பா. ஒரு கைலி 2 மீட்டர். நீளவாக்கில் நடுவில் வெட்டினால் இரண்டு துண்டு. இரண்டு கைலிக்கு நாலு துண்டு, 8 மீட்டர். கஜத்தில் எட்டுக்கு மேலேயே வருகிறது. இடுப்பிலிருந்து முட்டி வரைக்கும் பாதி அகலம் போதும். ஒட்டுப் போட்ட இடங்களைக் கொசுவத்துக்குள் மறைத்துவிட்டார். கட்டம் சேரவில்லை என்று இரண்டு முறை பிரித்துத் தைத்தார். பேண்ட்டை விட இதற்குத்தான் அதிகம் வேர்த்தேன் என்றார்.

மல்லிகா சித்தி: பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு எழுதுகிறார். இட்லி ஆறிப் போகிறது.

வசந்தா அத்தை: சரி தம்பி, சுற்றிக் கட்டுவதுதான் என்றால் வேட்டியே கட்டலாமே. நம் அப்பா கட்டியதுதானே.

அரவிந்த்: வீட்டில் வேட்டிதான் அத்தை. பெரம்பூரிலிருந்து கிண்டிக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி. வேட்டியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. வெல்க்ரோ வேட்டியும் பார்த்துவிட்டேன், சென்ட்ரல் படிக்கட்டில் கால் தடுக்கியது. ஜீன்ஸ் போட்டால் இரண்டு வருடமாகப் படர்தாமரை. மருந்து தடவினால் போகும், வெயில் வந்தால் திரும்ப வரும். காற்றோட்டமாக உடுத்தச் சொன்னது தோல் டாக்டர். கிளாஸ்கோவில் படித்த வருடம் கல்யாணம், கால்பந்து எல்லாவற்றுக்கும் சாதாரணமாக இதைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அப்போதே நினைத்தேன், இது குளிர் ஊருக்கு இருப்பதை விட நம் ஊருக்குத்தான் வேண்டும் என்று.

சாந்தி: இரவில் சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். யாரிடம் போய்ச் சொல்வது என்று நானும் சொல்லவில்லை.

பாலு மாமா: (சர்க்கரை நோய்க்குக் கொய்யா இலை, பலமுறை பகிரப்பட்டது)

தீபா: கைலியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டி டீக்கடையில் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே கைலி, அதே முட்டி. தைத்துப் போட்டால் பாவாடையா?

மல்லிகா சித்தி: பாவாடை என்றுதான் இருக்கட்டுமே. அது என்ன வசவா? நாமெல்லாம் கட்டுவதுதானே.

தீபா: சரியாகச் சொன்னீர்கள் சித்தி. 2013இல் ஸ்டாக்ஹோமில் ரயில் ஓட்டுநர்கள் வெயிலுக்கு அரைக்கால் சட்டை கேட்டார்கள், விதியில் இல்லை என்று மறுத்தார்கள். பெண்களின் சீருடையில் ஸ்கர்ட் இருந்தது. ஆண்கள் அதைப் போட்டுக்கொண்டு ரயில் ஓட்டினார்கள். நிர்வாகம் தடுக்கவில்லை.

வசந்தா அத்தை: வெளியூர்க் கதை நமக்கு எதற்கு. சேது, அப்பாவின் வெற்றிலைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். உங்கள் வீட்டில்தானே இருக்கிறது?

மல்லிகா சித்தி: எங்கள் வீட்டில் இல்லை அண்ணி. பரணை இறக்கியே காட்டினேன் போன வருடம்.

வசந்தா அத்தை: நான் சும்மா கேட்டேன்

கணேசன் பெரியப்பா: பெட்டி என்னிடம் இருக்கிறது.

வசந்தா அத்தை: அண்ணா! 9 வருடமாகத் தேடுகிறோம்

கணேசன் பெரியப்பா: நீங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

சேது சித்தப்பா (11:20): பெட்டி கிடைத்தது நல்லது. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் இந்த உடையே குற்றமாக இருந்தது. அங்கே மலைநாட்டார் கிளர்ச்சி செய்து தோற்றதும், 1746இல் லண்டனில் சட்டம் போட்டார்கள். ஆண் எவனாவது கில்ட் கட்டினால் முதல் தடவை 6 மாதம் சிறை, இரண்டாம் தடவை 7 வருடம் கடல் கடந்து நாடு கடத்தல். ராணுவத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் நீக்கினார்கள். 36 வருடம், கிட்டத்தட்ட ஒரு தலைமுறை. அதற்குப் பிறகும் அந்த உடை பிழைத்து வந்திருக்கிறது. எழும்பூரில் ரயில் ஏறும்போதெல்லாம் பார்க்கிறோமே, செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், 1821இல் அந்த ஊர்க்காரர்களுக்காகக் கட்டிய கோயில்தான் அது. நம் கிளப்பிலிருந்து நடக்கிற தூரம்.

பர்மாவில் இன்றும் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆண்கள் கட்டுவது லோஞ்சிதான், நம் கைலி மாதிரி. 1960களில் அங்கிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறியவர்கள் முன்முடிச்சு போட்டுத் தெருவில் நடந்ததைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். ஃபிஜியில் போலீஸ்காரரின் விழாச் சீருடையே ஒரு வெள்ளை சுலு, அதுவும் இடுப்பில் சுற்றுவதுதான், கீழ் ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருக்கும். இதில் யாரும் ஆண்மை குறைந்துபோகவில்லை.

குமரன்: சின்ன மாமா, பாயசம் பருப்பா சேமியாவா, அதையும் ஒரு வார்த்தை

மல்லிகா சித்தி: பருப்பு

வசந்தா அத்தை: அப்பாவுக்கு சேமியாதான் பிடிக்கும்

கணேசன் பெரியப்பா: வேட்டியைத் தடுத்தால்தான் கிளப் மேல் வழக்குப் போட முடியும். 2014 சட்டம். கில்ட்டுக்குச் சட்டம் கிடையாது.

சேது சித்தப்பா: அண்ணா சொல்வது உண்மை. அந்த ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டி வந்தார் என்று சேப்பாக்கத்தில் ஒரு கிளப் வாசலில் நிறுத்தினார்கள். ஆகஸ்டில் சட்டசபையில் சட்டம் வந்தது. தடுத்தால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அதில் வேட்டி இருக்கிறது, மற்ற இந்தியப் பாரம்பரிய உடையும் இருக்கிறது. கில்ட் இல்லைதான். ஆனால் அரவிந்த் கட்டியிருக்கும் துணியைப் பாருங்கள். அது மெட்ராஸ் கட்டம். அப்பா வாழ்நாள் முழுக்கப் புரட்டிய சரக்கு. 1958இல் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் துணி துவைத்தவுடன் சாயம் விட்டதும், கலங்குவதுதான் இதன் அழகு என்று அதையே சொல்லி அங்கே விற்றதும் அப்பா எத்தனை முறை சொல்லியிருப்பார். ஸ்காட்லாந்துப் பட்டாளம் இங்கே இருந்த காலத்தில் அவர்கள் கட்டத்தைப் பார்த்துத்தான் நம் நெசவாளர்கள் இதைப் பெருக்கினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

தீபா: ஞாயிறு அன்று தாத்தா இருந்திருந்தால் முதலில் துணியைத் தொட்டுத்தான் பார்த்திருப்பார்.

சேது சித்தப்பா (12:02): இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை எழுதியதில்லை. 1988இல் அண்ணாவின் பதவி உயர்வுக்கு மவுண்ட் ரோடில் ஒரு ஹோட்டலில் விருந்து. அப்பா புதுச் சலவை வேட்டியில் வந்தார். வாசலில் நிற்பவர் வேட்டிக்கு அனுமதி இல்லை என்றார். அண்ணா உள்ளே போனார். நானும் அப்பாவும் எதிரில் பஸ் ஸ்டாப்பில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம். வேட்டியில் தூசி படாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். உடையைப் பார்த்து ஒருவரை வாசலில் நிறுத்துவது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவின் நூறாவது வருடத்தில், அப்பா விற்ற துணியைக் கட்டிக்கொண்டு வரும் பேரனை நம் வீட்டு ஆட்களே நிறுத்தக் கூடாது. கிளப்காரர்கள் நிறுத்தினால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

(ஒரு மணி நேரம் யாரும் எழுதவில்லை)

வசந்தா அத்தை: சேது, இது எனக்குத் தெரியாதே

கணேசன் பெரியப்பா (1:14): மேனேஜர் உள்ளே உட்கார்ந்திருந்தார். அப்பா நீ போ என்று கையைக் காட்டினார். போனேன். எனக்கு 34 வயது. ஒரு வாய் கூட இறங்கவில்லை. 37 வருடமாக நீ இதை மனதில் வைத்திருக்கிறாய் என்று தெரியாது சேது.

சேது சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சேது சித்தப்பா: அப்பா உங்களைக் குறை சொன்னதே இல்லை அண்ணா. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், என் பெரியவனுக்கு இன்று பெரிய வேலை கிடைத்திருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

மல்லிகா சித்தி: போன் போட்டுப் பேசுங்கள் இரண்டு பேரும். இதில் வேண்டாம்.

குமரன் (4:30): 61 வருகிறது. பெங்களூர் ஆட்கள் இன்னும் சொல்லவில்லை.

அரவிந்த்: பெரியப்பா, தாத்தாவின் நாள் இது. என்னால் சண்டை வேண்டாம். வேட்டியிலேயே வருகிறேன்.

கணேசன் பெரியப்பா: பொறு. செக்ரட்டரியிடம் பேசினேன். பேண்ட்டும் இல்லை, வேட்டியும் இல்லை, எதில் சேர்ப்பது என்கிறார். சுற்றிக் கட்டுவது, சென்னையில் நெய்து விற்ற துணி, எதில் வேண்டுமானாலும் சேருங்கள் என்றேன். கமிட்டியைக் கேட்டு நாளை காலை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

தீபா: அப்பா!

மல்லிகா சித்தி: இல்லையென்றால் எங்கள் மொட்டை மாடி இருக்கிறது. பந்தலுக்குச் சொல்லிவிடலாம்.

வசந்தா அத்தை: கத்திரி வெயிலில் மொட்டை மாடியா

கணேசன் பெரியப்பா: அரவிந்த், முட்டி மறைகிற மாதிரி இன்னொன்று இருக்கிறதா?

அரவிந்த்: முட்டி நடுவில் நிற்பதுதான் அதன் அளவு பெரியப்பா. நீளக் காலுறை போட்டுக்கொள்கிறேன்.

கணேசன் பெரியப்பா: சரி. கொசுவம் கலையாமல் இஸ்திரி போடு. ஒரு வேட்டியும் பையில் இருக்கட்டும்.

வசந்தா அத்தை: அரவிந்த், அந்த டெய்லர் பெரம்பூரில் எங்கே? மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து பேண்ட் போட முடியவில்லை. அடுக்குமாடி சங்கத்தில் கைலியோடு கீழே இறங்கக் கூடாது என்று ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதமாக நடைப்பயிற்சிக்குப் போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

அரவிந்த்: நாளை காலை நானே மாமாவைக் கூட்டிப் போகிறேன் அத்தை. இடுப்புப் பட்டை அழுத்தாமல் வைக்கச் சொல்லலாம்.

பாலு மாமா: கட்டம் வேண்டாம். வெள்ளை.

சேது சித்தப்பா: வெள்ளையில் கொசுவம் எடுப்பாகத் தெரியாது மாமா. ஓரத்தில் ஒரு கரை இருந்தால்

மல்லிகா சித்தி: மறுபடி ஆரம்பிக்கிறார்

குமரன் (7:50): 65 என்று சொல்லிவிட்டேன். பாயசம் இரண்டும். எழும்பூரா மொட்டை மாடியா என்று நாளை 10 மணிக்குள் யாராவது சொல்லுங்கள், பாத்திர வண்டி எங்கே வர வேண்டும் என்று கேட்கிறார்கள்.