12 நாள் கூத்துப் பயிற்சி: சான்றிதழ் இல்லாமல் கிரெடிட் வழங்க முடியுமா?

திருகோணமலையில் கலைப்பீட மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். ஈழத்தின் இரு கூத்து மரபுகளான வடமோடி, தென்மோடியைத் தமிழகத்தின் தெருக்கூத்தோடு ஒப்பிட்டுக் கற்பதற்காக, 22 மாணவர்களை வரும் ஜூனில் 12 நாட்களுக்குக் காஞ்சிபுரம் பகுதிக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டுள்ளேன்.

சிக்கல் விசாவில் இருக்கிறது. இந்திய இ-சுற்றுலா விசாவில் குறுகியகால இசை, நடனப் பயிற்சி பெறலாம். ஆனால் தகுதிச் சான்றிதழோ டிப்ளோமாவோ வழங்கப்படக் கூடாது. எமது பாடத்திட்டக் குழுவோ, பயிற்றுவிப்போரின் சான்றிதழ் இல்லாமல் 2 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) தர இயலாது என்கிறது. மூன்று மாதங்களில் இரண்டு தடவை திரும்பி வந்த முன்மொழிவில், சான்றிதழுக்குப் பதிலாக நான் எழுதியிருந்த ‘வரவுக் கடிதம்’ (பயிற்சிக்கு வந்திருந்தார் என்று மட்டும் சொல்லும் கடிதம்) என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்கள்.

மாணவர் விசாவுக்கு ஒரு கல்வி நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்; எமக்குக் கற்பிக்கப் போவது ஒரு கூத்துக் குழு. ஆசிரியரை இங்கே அழைக்கலாம் என்றும் பார்த்தோம். அடவை, அதாவது ஆட்ட அசைவுகளை, அவர் சொல்லிக்கொடுத்துவிடலாம்; பாயை விரித்து விடியும்வரை பார்த்திருக்கும் ஊரை எப்படிக் கொண்டுவருவது?

ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி என்ற கணக்கில் 100 மணி தேவை. அங்கே நாளுக்கு 6 மணியாக 72 கிடைக்கும். எஞ்சிய 28 மணியைப் புறப்படுமுன் இங்கேயே வாசிப்பிலும் ஒத்திகையிலும் நிரப்பலாம்.

வெளிநாட்டுப் பயிற்சிக்கு அங்குள்ளவர்களின் சான்றிதழ் இல்லாமல், களக்குறிப்பையும் செய்முறைத் தேர்வையும் தாமே மதிப்பிட்டுக் கிரெடிட் வழங்கிய துறை எதுவும் இலங்கையில் உண்டா, உண்டெனில் அந்த மதிப்பீட்டுத் திட்டத்தை எப்படி எழுதி அனுமதி பெற்றீர்கள்?