பன்னிரு சார்பு: பேதைமைதான் முதல் காரணமா?

ஆத்தூரான்:
தியாகனூர் புத்தர் சிலையைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்க, சார்பில் தோற்றம் (ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்ற புத்தர் போதனை) பற்றி ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறோம். பேதைமையில் (அறியாமை) தொடங்கி, துன்பம் உண்டாகும் சங்கிலியின் கண்ணிகளான 12 சார்பையும் அம்புக்குறி போட்டு வரிசையாக இணைத்தாயிற்று. படத்தைப் பார்த்தால் பேதைமையே எல்லாவற்றுக்கும் ஆதிகாரணம் போலத் தெரிகிறது. இது சரியா? சங்கிலியை எந்த இடத்தில் அறுப்பது?

மலைக்காரர்:
சரியில்லைங்க. 'இது இருந்தால் அது இருக்கும், இது நின்றால் அது நிற்கும்' என்பதுதான் போதனை. ஏற்காட்டுக் காப்பிச் செடி ஏப்ரல் மழைக்குப் பத்து நாள் வாக்கில் பூக்கும். ஆனால் அதற்கு முன் மொட்டு வறட்சியில் உறங்கிக் கிடந்திருக்க வேண்டும். மழை மட்டும் போதாது, வறட்சி மட்டும் போதாது.

பேதைமைக்கும் சார்பு உண்டு. அதன் தொடக்கம் புலப்படாது, ஆனால் அதற்கு உணவு உண்டு, ஐந்து நீவரணங்களே (மனத்தடைகள்) அந்த உணவு என்கிறது அங்குத்தர நிகாயம் என்ற பாலி பௌத்த நூல். காம இச்சை, வெறுப்பு, சோம்பல், மன அலைச்சல், ஐயம் ஆகியவை அவை. இன்னொரு பாலி நூலான தீக நிகாயத்து மகாநிதான சூத்திரத்தில் பேதைமையே வரிசையில் இல்லை. அங்கே உணர்வும் (அறியும் நிலை) அருவுருவும் (மனமும் உடலும்) ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவில் இருபக்க அம்பு போடுங்கள்.

ஏடு:
மணிமேகலை 30ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் பகுப்பையே தாளில் வைக்கலாம். கண்டம் (பகுதி) நான்கு: பேதைமை, செய்கை (வினை) ஒன்று; உணர்வு, அருவுரு, வாயில் (ஐம்பொறியும் மனமும்), ஊறு (பொறியும் பொருளும் தொடுவது), நுகர்வு (இன்ப துன்ப அனுபவம்) இரண்டாவது; வேட்கை, பற்று, பவம் (வினைத் தொகுதி) மூன்றாவது; பிறப்பும் பிணி, மூப்பு, சாவும் நான்காவது. கண்டங்கள் கூடும் இடம் மூன்று சந்தி. அறுக்க வேண்டியது நடுச் சந்தியில், நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில்.

ஆத்தூரான்:
அப்படியென்றால் நுகர்வை அடக்க வேண்டுமா?

ஏடு:
வேண்டாம், அடக்கவும் முடியாது. கண், உருவம், கண்ணுணர்வு மூன்றும் கூடினால் ஊறு. ஊறு இருந்தால் நுகர்வு வந்தே தீரும். அடக்கப் பார்ப்பதும் 'இது வேண்டாம்' என்கிற வேட்கைதான். வந்ததை வந்தபடி அறிந்தால் அது வேட்கையாக மாறாது.

மலைக்காரர்:
நுகர்வு மூன்று வகை என்பதையும் மறக்காமல் சேருங்கள். இன்பத்தில் ஆசை ஒட்டும், துன்பத்தில் வெறுப்பு ஒட்டும், இரண்டுமல்லாததில் பேதைமை ஒட்டும். பலரும் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். நாளில் பெரும்பொழுது மூன்றாவதில்தான் கழிகிறது, அதனால் அதை முதலிலேயே எழுதுங்கள்.