பால்க், ஃப்ளொக்: தமிழில் என்ன?

வணக்கம். சுவீடனின் இடைக்கால மாகாணச் சட்டங்கள் பற்றிய பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். சட்டத்தின் பெரும்பகுதி 'பால்க்' (திருச்சபை, வாரிசுரிமை, நிலம், திருட்டு…), அதனுள் சிறுபகுதி 'ஃப்ளொக்'. 'அதிகாரம்', 'பிரிவு' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

———

அதிகாரம் வேண்டாம் ஐயா. தொல்காப்பியத்தில் அது பெரும்பகுதி, மொத்தம் 3. குறளில் சிறுபகுதி, 133. 'திருட்டு அதிகாரம்' என்றால் திருட உரிமை தந்ததாகவும் படிக்கலாம். 'பால்' என்பதே சரி. பகல் என்பது பால் ஆயிற்று. பகுக்கப்பட்டது என்று பொருள். பாத்தியும் பகு என்ற வேரில் வந்ததே. பால்க் என்பதற்கும் இடைத்தடுப்பு என்ற பொருள் உண்டு. ஒலிகூட ஒத்துவருகிறது பாருங்கள்!

———

ஒலி ஒப்புமை தற்செயல். பால்க் ஜெர்மானியச் சொல். இன்றைய சுவீடிஷில் உத்தரத்துக்கும் அதுவே பெயர். 'திருட்டுப்பால்' என்று எழுதினால் மாணவர் கறந்த பாலைத்தான் நினைப்பார்கள். காண்டம் என்போம். நாணலில் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட துண்டுதான் காண்டம். தடுப்புக்கு இதைவிட நெருங்கிய உவமை ஏது?

'பிரிவு' என்பதையும் ஃப்ளொக்குக்குச் செலவழிக்காதீர்கள். அச்சுப் பதிப்புகளில் ஃப்ளொக்குக்கு உள்ளே § வருகிறது. பிரிவு அதற்குத் தேவைப்படும். ஃப்ளொக் 'இயல்' ஆகட்டும்.

———

காண்டம் வடசொல். பால் இருக்க அதை ஏன் இரவல் வாங்க வேண்டும்?

———

சிலப்பதிகாரமே மூன்று காண்டம்தானே அம்மா.

சொல்லைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்த மாகாணச் சட்டங்களில் ஒன்றான மூத்த வெஸ்டர்யோட்லாந்துச் சட்டத்தின் முழுப்படி ஸ்டாக்ஹோம் அரச நூலகத்துச் சுவடி பி 59. அதில் எல்லாத் தலைப்பிலும் பால்க் கிடையாது. 'திருச்சபை பால்க்', 'நில பால்க்' உண்டு. ஆனால் 'மனிதக் கொலை பற்றி', 'அரைவை ஆலை அமைப்பது எப்படி' என்றும் தலைப்புகள் வருகின்றன. அவற்றில் நாமாகக் காண்டத்தை ஒட்டினால் சுவடியில் இல்லாத ஒழுங்கை ஏற்றிவிடுவோம். 1296 ஜனவரி 2 அன்று அரசர் பிர்யர் உறுதிசெய்த உப்லாண்ட் மாகாணச் சட்டத்தில் பகுப்பு சீரானது. அதை அளவுகோலாக்கிப் பழையதைத் திருத்தக் கூடாது.

———

ஏற்கிறேன். இன்றைய சுவீடனின் குற்றவியல் சட்டமும் (1965 முதல் நடப்பில்) பால்க்தான். அங்கும் இதே சொல் செல்ல வேண்டும்.

———

நன்றி. காண்டம், இயல், பிரிவு என்று அனுப்புகிறேன். சுவடித் தலைப்புகள் உள்ளபடியே இருக்கும்.

———

'பால்' என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். என் மறுப்பு நிற்கிறது.